முதல் டிஎஸ்எல்ஆர்: பாதிப் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

பதினெட்டு மாதம் சீட்டுக் கட்டி எடுத்த அறுபதாயிரத்தை ஒரே மதியத்தில் கோவைக் கடை ஒன்றில் கொட்டிவிட்டு வந்தவன் நான். கேமரா, இரண்டு லென்ஸ், பை, முக்காலி, ஃபில்டர், ஃபிளாஷ். சோமனூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது பெரிய வித்தைக்காரன் ஆகிவிட்ட நினைப்பு. அடுத்த மாதமே சித்தப்பா மகன் கல்யாணம். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் இணைச்சீர் நடக்கும்போது எண்பது படம் எடுத்தேன். ஒன்றில்கூட அக்கா முகம் தெளிவாக விழவில்லை. "ஏன் கண்ணு, இத்தாச்சோடு கேமரா வாங்கியும் மூஞ்சி தெரியமாட்டீங்குதே?" என்று பெரியம்மா கேட்டார். ஃபிளாஷ் எரியவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த மண்டபத்துக்குத் தேவைப்பட்ட லென்ஸின் விலை பத்தாயிரத்தைச் சுற்றித்தான். ஆனால் கையில் பத்து ரூபாய்கூட மிச்சம் இல்லை. தேவையில்லாததை எல்லாம் முதல் நாளே வாங்கியதன் பலன். நீங்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போனால் எனக்குப் போன பணம் உங்களுக்குப் போகாது.

1. எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

"எல்லாந்தான்" என்று எழுதாதீர்கள். அடுத்த ஆறு மாதத்தில் நிச்சயம் எடுக்கப்போகும் மூன்றை மட்டும் எழுதுங்கள். குழந்தை, வீட்டு விசேஷம், வெள்ளோடு ஏரிப் பறவை, திருப்பூர் பனியன் சாம்பிள், சென்னிமலை பெட்ஷீட், ஊர்த் தேர் என்று எதுவாகவும் இருக்கலாம். லென்ஸ் வாங்கும்போது இந்தத் தாள்தான் பேசும்.

தாளில் முதல் வரி "யூடியூப் வீடியோ" என்றால் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா) வேண்டாம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவைப் பாருங்கள். உதாரணமாக, கேனன் 1500டி வீடியோ எடுக்கும்போது நடமாடும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யாது. டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும், வீடியோவும் வேண்டும் என்றால் 200டி மார்க் 2 போல, திருப்பும் திரையும் ஆளைத் தொடரும் டூயல் பிக்சல் ஃபோகஸும் உள்ளதைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகளின் கவனம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. நிக்கான் டி3500 உற்பத்தியே நின்றுவிட்டது. பிறகு ஏன் டிஎஸ்எல்ஆர்? பழைய சந்தையில் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) லென்ஸும் மலிவாகக் கொட்டிக்கிடக்கின்றன, பழகுவதற்கு எந்தக் குறையும் இல்லை, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம், 1500டி 500 படம் என்பது கம்பெனிக் கணக்கு. நாளை மிரர்லெஸுக்கு மாறினாலும் கேனன் இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு அதன் ஆர் வரிசை மிரர்லெஸில் மாட்டலாம். நிக்கானுக்கு எஃப்டிஇசட் அடாப்டர் உண்டு.

2. பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் ஐம்பதாயிரம் இருந்தால் முதல் நாள் செலவு இருபத்தைந்து முதல் முப்பதுக்குள் முடிய வேண்டும். மீதி மூன்று மாதம் கழித்து லென்ஸுக்கு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைக் கடைப்பிடிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

நான் இரண்டாவது முறை, என் தங்கை மகனுக்கு வாங்கிக் கொடுத்தபோது ஆன கணக்கு: பழைய பாடியும் அதோடு வரும் 18-55 கிட் லென்ஸும் சேர்த்து இருபதாயிரம், 64 ஜிபி கார்டு எண்ணூறு, காற்றடிக்கும் பலூனும் மைக்ரோஃபைபர் துணியும் முந்நூறு, காற்றுப்புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் நானூற்றைம்பது. பை வாங்கவில்லை. அவனது ஸ்கூல் பையில் ஒரு பழைய துண்டை மடித்து உள்ளே வைத்தோம். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும், போகும் அன்று இரண்டு இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கினால் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடைக்காரர் சொல்லும் விலை வரியோடா, வரி இல்லாமலா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

முதல் நாள் வாங்கவே கூடாதவை: ஆயிரம் ரூபாய் முக்காலி (என்னுடையதன் கால் ஆழியாறு போய்த் திரும்புவதற்குள் முறிந்தது), மூன்று ஃபில்டர் கொண்ட செட், லென்ஸ் முனையில் திருகும் "வைடு" கண்ணாடி, ஃபிளாஷ்.

3. பாடி: இந்த மூன்று பொறிகளைத் தாண்டினால் போதும்

தொடக்கநிலை பாடிகளுக்குள் படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மெகாபிக்சலை வைத்துச் சண்டை போடாதீர்கள், 24 வேண்டிய அளவுக்கு மேல். கேனனா நிக்கானா என்பதற்கு ஒரே நல்ல பதில், உங்கள் மாமா மச்சான் யாரிடம் எது இருக்கிறதோ அது. லென்ஸை இரவல் வாங்கலாம். கேனன் லென்ஸ் நிக்கானில் நேரடியாக மாட்டாது.

முதல் பொறி, நிக்கானில் ஃபோகஸ் மோட்டார். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் மோட்டார் கிடையாது. லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி 50 எம்எம் வாங்கினால் கையால் திருக வேண்டியதுதான். ஏஎஃப்-பி லென்ஸும் மிகப் பழைய பாடிகளில் ஓடாது. ஆகவே பழைய பாடி வாங்குபவர்கள் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுப் பின். கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அந்த நடுப் பின் இல்லை. கேனன் ஃபிளாஷ் மொழி பேசும் ஃபிளாஷ்கள் வேலை செய்யும். ஒற்றைப் பின்னை நம்பும் மலிவு ஃபிளாஷ் எரியாது, ஸ்டூடியோ லைட்டை எரியவைக்கும் ட்ரிக்கரும் வேலை செய்யாது. பனியன் சாம்பிள் படமெடுக்க ஸ்டூடியோ லைட் வைக்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் எல்லா கேமராவுக்கும் ஒன்றுதான் என்று நினைத்து விசாரிக்காமல் வாங்கியது என் மடத்தனம்.

மூன்றாவது, விலையில் மிகக் கீழே இருக்கும் மாடல். 3000டி-யில் லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக், 18 மெகாபிக்சல். அதோடு, பார்க்கும் துளையில் கண் பவருக்கு ஏற்பத் திருப்பும் குமிழும் இல்லை. கண்ணாடி போடுபவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

4. பழையது வாங்குகிறீர்களா? பகலில் போங்கள், மடிக்கணினியோடு போங்கள்

எனக்குப் பழையதுதான் பிடிக்கும். ஆனால் பார்த்து வாங்க அரை மணி நேரம் ஆகும். "சீக்கிரம் பாருங்க தம்பி, அடுத்த ஆள் வந்துட்டிருக்காரு" என்று சொல்கிறவரிடம், "அவருக்கே குடுத்துருங்ண்ணா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் ஸ்டூடியோக்காரர்கள் நிதானமாகப் பேசுவார்கள், விலையிலும் இறங்குவார்கள். ஆனால் ஸ்டூடியோ கேமரா நிறைய ஓடியிருக்கும். ஒரு கல்யாணத்துக்கே இரண்டாயிரம் தட்டு தட்டுவார்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: உங்கள் சொந்த எஸ்டி கார்டு, மடிக்கணினி, செல்போன் டார்ச், ஒரு செய்தித்தாள், ஒரு வெள்ளைத் தாள்.

ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் கதவு) எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்த வகைக் கேமராக்களுக்கு ஒரு லட்சம் என்பது பொதுவான கணக்கு. தாண்டியும் ஓடும், முன்பே நின்றும் போகும். நாற்பதாயிரத்துக்குள் இருந்தால் யோசிக்காமல் பேரம் பேசலாம். நிக்கானில் அந்த எண் படத்துக்குள்ளேயே எழுதப்படுகிறது. ஒரு படம் எடுத்து, ஷட்டர் கவுண்ட் காட்டும் இலவசத் தளத்தில் ஏற்றினால் தெரியும். கேனனின் தொடக்கநிலை மாடல்கள் பலவற்றில் படத்துக்குள் இருக்காது. யுஎஸ்பி கேபிள் போட்டுத் தனி மென்பொருளில் பார்க்க வேண்டும். "ஃபைல் நம்பர் பாருங்க, 1200 தான் ஆகியிருக்கு" என்று ஒருவர் காட்டினார். அந்த எண் 9999 ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், நடுவில் நாமே மாற்றியும் வைக்கலாம். அதை நம்பாதீர்கள்.

அடுத்து, படத்தைப் பதியும் சென்சார். அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை) எஃப் 16-க்கு வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைத் தாளையோ வெறும் வானத்தையோ எடுங்கள். மடிக்கணினியில் பெரிதாக்கினால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். நாலைந்து புள்ளி தூசிதான், சுத்தம் செய்துவிடலாம். கீறல் போல நீளமாக, கூர்மையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு லென்ஸ். இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல, மரத்தின் வேர் போல மெல்லிய இழை ஓடியிருந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். வால்பாறையில் நாலு மழைக்காலம் அலமாரியில் கிடந்த 55-250 லென்ஸ் ஒன்றை மூவாயிரத்துக்கு வாங்கி, சுத்தம் செய்ய இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து, ஆறே மாதத்தில் பூஞ்சை மறுபடியும் முளைத்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். சின்னத் தூசிகள் பரவாயில்லை, அவை படத்தில் விழாது.

கடைசியாக ஃபோகஸ். செய்தித்தாளைத் தரையில் விரித்து, சாய்வாக நின்று, லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து, நடுப் புள்ளியால் ஒரு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். அந்த வரி தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு முன்வரியோ பின்வரியோ தெளிவாக இருந்தால் அந்த லென்ஸும் அந்த பாடியும் ஒத்துப்போகவில்லை. விலை கூடிய பாடிகளில் இதைத் திருத்த மெனு உண்டு. 1500டி, டி3500 போன்றவற்றில் கிடையாது. அதனால் லென்ஸ் மட்டும் வாங்கப் போனாலும் உங்கள் பாடியை எடுத்துக்கொண்டு போங்கள்.

காகிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். முதல் பில்லின் நகல், பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கேமரா அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்ற சோதனை, விற்பவரின் அடையாள அட்டை நகல், "இன்ன எண்ணுள்ள கேமராவை இன்ன தேதியில் இன்ன தொகைக்கு விற்றேன்" என்று கையெழுத்திட்ட ஒரு துண்டுத் தாள், இவ்வளவும் வேண்டும். பணத்தை யுபிஐ-யில் அனுப்புங்கள், அதுவும் ஒரு சாட்சி. பில் தொலைந்துவிட்டது என்றால் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். நாளை போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் பேக்கரி போல ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்திப்பது நல்லது, டீயும் கிடைக்கும்.

5. புதிது வாங்கினால்: பில் முதலில், பெட்டி பிறகு

"பில் இல்லாமன்னா ரெண்டாயிரம் கம்மிங்க" என்பார்கள். அது வெளிநாட்டு வழியாக வந்த சரக்காக இருக்கலாம், இந்திய உத்தரவாதம் இருக்காது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் சொந்தக்காரர் வாங்கி வருவதும் அப்படித்தான். அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று பெட்டியைத் திறக்கும் முன்பே அட்டையைப் படித்துப் பாருங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் உங்கள் பெயர், தேதி, பாடியின் சீரியல் எண், லென்ஸின் சீரியல் எண் நான்கும் இருக்க வேண்டும். லென்ஸ் எண்ணைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள், கேட்டு எழுத வையுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை வாங்குங்கள். கம்பெனித் தளத்தில் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் அன்று இரவே செய்துவிட்டு, பில்லைப் படமெடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள். வெப்பத்தில் பில் எழுத்து ஒரு வருடத்தில் மறைந்துபோகும். ஜிஎஸ்டி எண் வைத்துத் தொழில் செய்பவர்கள், தொழிலுக்காக வாங்கினால் பில்லில் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள். வரியை ஈடுகட்ட முடியுமா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

தவணையில் எடுப்பவர்களுக்கு ஆதார், பான், வங்கி பாஸ்புக் அல்லது ரத்து செய்த காசோலை தேவைப்படும். நேரம் ஒரு மணி. "வட்டியில்லாத் தவணை" என்றாலும் செயலாக்கக் கட்டணம் உண்டா, கார்டு தவணை என்றால் வட்டிப் பங்கின் மேல் ஜிஎஸ்டி பிடிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

இலவசமாகத் தரும் பை, கார்டு, முக்காலியை வாங்கிக்கொண்டு விலையில் இறங்காமல் இருப்பது கடைக்காரர் தந்திரம். "ஃப்ரீ எதுவும் வேண்டாமுங்க, அந்தக் காசக் கொறச்சுக்கோங்க" என்று கேளுங்கள். எனக்கு எண்ணூறு குறைந்தது.

இரட்டை லென்ஸ் பெட்டி எடுப்பவர்கள் இரண்டாவது லென்ஸின் பெயரைக் கவனித்துப் படியுங்கள். 55-250-இல் ஐஎஸ் என்று இருக்கும், கை நடுக்கத்தைத் தாங்கும். சாதாரண 75-300-இல் அந்த வசதி கிடையாது. நிக்கானில் அதே எழுத்து விஆர். நிக்கான் ஏஎஃப்-பி 70-300 லென்ஸ் விஆர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகையில் வந்தது, பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

6. முதல் வாரம்

கார்டைக் கணினியில் அல்ல, கேமராவுக்குள் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி கார்டில் யு3 அல்லது வி30 என்று எழுதியிருந்தால் போதும். 24 மெகாபிக்சல் ரா படம் (பிறகு திருத்துவதற்கான மூலக் கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்பி வரும், ஜேபெக் அதில் மூன்றில் ஒரு பங்கு.

வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) மங்கலாகத் தெரிந்தால் கேமராவைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அதன் பக்கத்தில் சின்னக் குமிழ் இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும் வரை திருப்புங்கள். நான் ஒன்பது நாள் மங்கலாகவே பார்த்தேன்.

ஆட்டோவில் நான்கு நாள் எடுங்கள், தப்பில்லை. ஐந்தாம் நாள் கேனனில் ஏவி, நிக்கானில் ஏ என்ற இடத்துக்குக் குமிழைத் திருப்பி, ஐஎஸ்ஓ-வை (வெளிச்சத்தைச் சென்சார் எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்) ஆட்டோவிலும் ஃபோகஸ் புள்ளியை நடுவிலும் வைத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் மாற்ற வேண்டியது அப்பர்ச்சர் ஒன்றுதான். எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம், பின்னணி கலையும். ஷட்டர் வேகத்தின் மேல் ஒரு கண் வையுங்கள். நடமாடும் ஆளுக்கு 1/125-க்குக் கீழே போனால் படம் இழுபடும். ஓடும் குழந்தைக்கு 1/500. தூர லென்ஸ் என்றால் அதன் எம்எம் எண்ணை 1.6-ஆல் பெருக்கி, அந்த வேகத்துக்குக் குறையாமல் பாருங்கள். 250-க்கு 1/400.

ஐஎஸ், விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரில் ஆடுகிற ஆளை நிறுத்தாது. தேரோட்டத்தில் இதைத் தெரிந்துகொண்டேன்.

7. மூன்று மாதம் கிட் லென்ஸ் மட்டும், பிறகு எண்ணுங்கள்

18-55-ஐ மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் அது எடுக்கும் படத்தைப் பார்த்து லென்ஸ் எது என்று சொல்ல எவராலும் முடியாது. மூன்று மாதத்தில் ஆயிரம் படம் எடுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். உங்களுக்குப் பிடித்த நூறு படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றின் விவரத்திலும் எத்தனை எம்எம்-இல் எடுத்தது என்று பார்த்துத் தாளில் கோடு போடுங்கள். ஒரு மணி நேர வேலை. எனக்கு நூற்றில் 46 படம் 18-க்கும் 24-க்கும் நடுவில், 31 படம் 50-க்கும் 55-க்கும் நடுவில். நான் வாங்கி வைத்திருந்த தூர லென்ஸில் எடுத்தது மூன்று. அதிலும் ஒன்று பக்கத்து வீட்டு மாடிப் பூனை. இந்தக் கணக்கை முதலில் போட்டிருந்தால் அந்த லென்ஸை வாங்கியே இருக்க மாட்டேன்.

கெட்டுப்போன படங்களையும் பாருங்கள். ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறி மணல் மணலாக இருக்கிறதா? அகலமான துளை உள்ள லென்ஸ் வேண்டும். எல்லாம் தூரத்தில் சின்னதாக இருக்கிறதா? தூர லென்ஸ். ஆள் பாதி வெட்டுப்பட்டு, நீங்கள் சுவரில் முட்டி நிற்கிறீர்களா? அகல லென்ஸ்.

8. இரண்டாவது லென்ஸ்

எண்களின் பொருள் இதுதான். எம்எம் எண் சொல்வது பார்க்கும் கோணத்தை. 55-க்கு மேல் போகப் போகத் தூரத்தை இழுக்கும், 18-க்குக் கீழே அகலமாகப் பார்க்கும். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் கேனனில் 1.6-ஆலும் நிக்கானில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 எம்எம் உங்கள் கேனனில் 80 போல நெருக்கமாகத் தெரியும். எல்லாரும் "ஃபிஃப்டி வாங்கு, ஃபிஃப்டி வாங்கு" என்று சொல்வதில் உள்ள பொறி இதுதான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பதினாறு அடி அகலத்துக்கு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கேனனில் 50 எம்எம் மாட்டினால் நீங்கள் முப்பத்தாறு அடி பின்னால் போக வேண்டும். 24 எம்எம் என்றால் பதினேழு அடி. கிட் லென்ஸை 18-இல் வைத்தால் பதின்மூன்று. மண்டபத்தில் முப்பத்தாறு அடி கிடைக்கும், ஆனால் நடுவில் வீடியோக்காரரும் இருபது மாமாக்களும் நிற்பார்கள். வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) அந்த இடமே கிடையாது.

அதனால் வீட்டுக்குள் குழந்தை, வளைகாப்பு, சமையல் என்றால் நிக்கான்காரர்கள் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8 வாங்குங்கள். அதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. கேனனில் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் (அமைதியாக ஓடும் ஃபோகஸ் மோட்டார்) இருக்கிறது. தோசைக்கல் போல மெலிசு, அகலமும் கிடைக்கும். தனி ஆள் முகம், மணப்பெண், மேடையில் நிற்கும் ஒருவர் என்றால் கேனன் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 1.8-க்குத் திறந்தால் ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வரும். இணைச்சீரில் 1/40-இல் இழுபட்ட அக்காவின் முகம் இந்த லென்ஸில் 1/400-இல் கல் போல நின்றிருக்கும். ஆனால் இரண்டு பேரை 1.8-இல் எடுக்காதீர்கள், ஒருவர் தெளிவாகவும் பக்கத்தில் இருப்பவர் புகையாகவும் வருவார். 2.8 அல்லது 4 வையுங்கள்.

பழைய 50 எம்எம் இரண்டாம் பதிப்பு இன்னும் சந்தையில் சுற்றுகிறது. ஃபோகஸ் ஆகும்போது தையல் மிஷின் சத்தம் போடும், மாட்டும் வளையம் பிளாஸ்டிக். எஸ்டிஎம் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சூலூர் குளம், வெள்ளோடு, நஞ்சராயன் குளம் என்று பறவை பின்னால் போகிறவர்கள் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம், அல்லது நிக்கான் 70-300 விஆர். அதற்கே கேனனில் 400 போல இழுவை கிடைக்கும். அதிலும் நாரையும் கூழைக்கடாவும் நன்றாக வரும், மீன்கொத்தி சின்னதாகத்தான் வரும். 150-600 பார்த்து ஏங்க வேண்டாம், முதலில் ஒரு பனிக்காலம் இதில் எடுத்துப் பாருங்கள். பேரூர்க் கோயில் தூண், கொடிவேரி அணை, மலைக்காட்சி என்று அகலம் தேடுபவர்களுக்குக் கேனனில் 10-18 எஸ்டிஎம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதுதான் உத்தமம். கோவையில் வாடகைக்குத் தருகிறார்கள். ஆதார் நகல், முன்பணம், சில இடத்தில் தெரிந்தவர் ஒருவரின் உறுதி கேட்பார்கள். முகூர்த்த நாளில் கிடைக்காது, வாரநாளில் கேளுங்கள். வாங்கும்போதே லென்ஸில் உள்ள கீறலை அவர்கள் எதிரில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் அளவு லென்ஸுக்கு லென்ஸ் மாறும்: கேனன் 18-55-க்கு 58, 50 எஸ்டிஎம்-க்கு 49, 10-18-க்கு 67. மூடி தொலைந்தாலும் இந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

9. பஞ்சும் பூஞ்சையும்

நம் ஊரில் கேமராவுக்கு இரண்டு எதிரிகள். சமவெளியில் பஞ்சு. தறிக்குடோனிலும் பனியன் கம்பெனிக்குள்ளும் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். வெளியே வந்து, கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, அணைத்துவிட்டு, பத்து நொடிக்குள் மாற்றுங்கள். உள்ளே தூசி விழுந்தால் காற்றுப் பலூன் மட்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அது தூசியைவிட மோசம்.

மலையில் ஈரம். வால்பாறை, சின்னக்கல்லார் பக்கம் மழைக்காலத்தில் போய் வந்தால் பையோடு பீரோவில் வைத்துவிடாதீர்கள். நனைந்த பையை வெளியே போட்டுவிட்டு, கேமராவை மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு டப்பாவில் மூடுங்கள். முந்நூறு ரூபாய் காற்றுப்புகாத டப்பா, சிலிகா ஜெல், நூற்றைம்பது ரூபாய் ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், அந்த வாணலியில் அப்புறம் சமைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள், தவிட்டுத் தூள் லென்ஸ் இடுக்கில் போகும்.

தொடக்கநிலை பாடிகள் எதிலும் மழைக்காப்பு இல்லை. ஈரோடு பெரிய மாரியம்மன் மஞ்சள் நீராட்டுக்குப் போகும்போது ஒரு பாலித்தீன் பையில் லென்ஸ் முனைக்கு மட்டும் ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அப்படியும் ஓரமாகவே நில்லுங்கள்.

10. வெளியே எடுத்துக்கொண்டு போகும்போது

கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு கேமராவையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்கள். கோயில் அலுவலகத்தில் கேட்டு, கட்டணம் இருந்தால் ரசீது வாங்கி, வெளிப்பிரகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது. அணைக்கட்டுகளில் தடைப் பலகை இருக்கும், பாருங்கள்.

டாப்ஸ்லிப், வால்பாறை என்று ஆனைமலைப் பக்கம் போனால் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு தென்பட்டால் வண்டிக்குள் இருந்தே எடுங்கள், இறங்கினால் அபராதம். வெள்ளோட்டுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை வெயில் ஏறும் முன் போங்கள். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் கண்ணைக் கூசும்.

ஊரில் யாரையாவது எடுக்கும் முன் "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். சந்தையில் வெற்றிலை விற்கும் ஆத்தாவுக்குப் பத்து ரூபாய்ப் பிரிண்ட் ஒன்று கொடுத்த பிறகு, அங்கே எனக்கு யாரும் முகம் திருப்புவதில்லை.

11. வேண்டாததை விற்றுவிடுங்கள்

இதை எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். ஒரு லென்ஸை ஆறு மாதம் மாட்டவில்லை என்றால் இனியும் மாட்ட மாட்டீர்கள், டப்பாவில் கிடந்து பூஞ்சைதான் பிடிக்கும். பெட்டி, இரண்டு மூடி, பில், உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் சேர்த்து வைத்து விற்பனைக்குப் போடுங்கள். உண்மையான கீறலைப் படமெடுத்துக் காட்டுங்கள், வந்து பார்ப்பவர் பேரம் பேசப் புதிதாக எதுவும் இருக்காது.

என் தூர லென்ஸைப் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையன் வாங்கினான். டார்ச் அடித்துப் பார்த்தான், செய்தித்தாளை விரித்து எடுத்துப் பார்த்தான், பில்லில் லென்ஸின் சீரியல் எண் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. பேசிய விலையில் ஐந்நூறுகூடக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, டீக்கும் அவனே காசு கொடுத்தான். அந்தப் பணத்தோடு மேலே ஆயிரத்து இருநூறு போட்டு 50 எம்எம் வாங்கினேன். அடுத்த மாதம் பெரியம்மா வீட்டுச் சீர் இருக்கிறது.